கல்லில் பொங்கிய நுரை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அவள் பளிச்சக்காதான். கை பட்டதெல்லாம் பளிச்சென்று ஆகிவிடும் என்பதால் வந்த பெயர். கரி பிடித்த பாத்திரமோ எண்ணெய் இறங்கிய சுவரோ, அவள் கையை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டால் அது தன் பிறவி நிறத்தைக் காட்டாமல் தப்பிக்க முடியாது. அழுக்கைக் கண்டால் அவளுக்குக் கை நமநமக்கும். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட ஜன்னல் கம்பியை விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பாள்.

இந்தக் கையை அவளுக்குக் கொடுத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கல்யாணமான புதிதில் அங்கே கழிப்பறை கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். உப்புத் தண்ணீர் காய்ந்து காய்ந்து ஓடுகளின் மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். சோப்புக்கும் அசையாது, பிரஷ்ஷுக்கும் அசையாது. சூப்பர்வைசர் அம்மாள்தான் ஆசிட்டைக் கலந்து ஊற்றக் கற்றுக் கொடுத்தாள். ஊற்றியதும் புசுபுசுவென்று நுரை கிளம்பும். அது அடங்கியதும் தண்ணீர் விட்டுத் துடைத்தால் ஓட்டில் முகம் பார்க்கலாம்.

"நுரை வருதா பாரு. நுரை வந்தா அழுக்கு செத்துருச்சுன்னு அர்த்தம்" என்பாள் சூப்பர்வைசர் அம்மாள்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் படிப்பு, பட்டம் எல்லாம். அவள் வாழ்க்கையில் பாதியை அந்த நுரையைப் பார்த்துக்கொண்டே கழித்தாள். அந்தப் படிப்பு ஒரு நாளும் அவளைக் கைவிட்டதில்லை.

பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு, ஆஸ்பத்திரியில் ஆட்களைக் குறைத்தார்கள். அதே சமயத்தில்தான் டயர் கடையில் லாரிச் சக்கரம் தூக்கித் தூக்கி அவள் புருஷனுக்கு முதுகும் போனது. மனுஷன் வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. நகரத்துத் தேவாலயம் ஒன்றில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும், பின்புறம் தங்க ஒரு அறையும் உண்டு என்று கேள்விப்பட்டு, புருஷனையும் இரண்டு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரே அறை. அடுப்பு ஒரு மூலை, கட்டில் ஒரு மூலை. ஜன்னலைத் திறந்தால் மதிற்சுவர், அதற்கு அந்தப் பக்கம் பஸ் போகிற தெரு. புருஷன் கட்டிலில் படுத்தபடியே, சத்தத்தை வைத்து எந்த பஸ்ஸுக்கு எந்த டயர் மாற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வளாகத்தின் ஓரத்தில், பக்கவாட்டுக் கதவுக்கும் வெளி கேட்டுக்கும் நடுவே, போர் நினைவுத் தூண் நின்றது. பழைய போர் ஒன்றில் செத்துப்போன அந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் பெயர்களை நாலு பக்கமும் வரிவரியாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய காலத்தில் வெள்ளைக் கல்லாக இருந்திருக்க வேண்டும். பஸ் புகையும் மழையும் சேர்ந்து அதை அடுப்படிச் சுவராக ஆக்கி வைத்திருந்தன. எழுத்துப் பள்ளங்களிலெல்லாம் பாசி. வருஷத்துக்கு ஒருமுறை பட்டாளத்து ஆட்கள் வந்து மலர்வளையம் வைத்துவிட்டு, விறைப்பாக நின்றுவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன் படியில் பையை வைத்துவிட்டு நிற்பார்கள்.

"செத்தும் குளிக்காம நிக்கிறாங்களே, பாவம்" என்றாள் பளிச்சக்கா, வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே.

முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தாள். பாசி போனது, கருப்புப் போகவில்லை. பிறகு ஆஸ்பத்திரிப் படிப்பை எடுத்தாள். ஆசிட்டைக் கலந்து மேலிருந்து ஊற்றியதும், பால் பொங்குகிற மாதிரிப் பொங்கியது. அவள் அதுவரை அவ்வளவு நுரையைப் பார்த்ததே கிடையாது. 'எத்தனை காலத்து அழுக்கோ, எப்படி ஓடுது பாரு' என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கழுவி விட்டால் தூண் புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றது. போதகர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "அட, இதுக்குள்ள இவ்வளவு வெள்ளை இருந்துச்சா" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவள் அதை வாரா வாரம் குளிப்பாட்டலானாள்.

சனிக்கிழமை மதியம் ஒருவர் வருவார். பின்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்கிற கிழவர். கடையைப் பாதி நாளோடு மூடிவிட்டு, கண்ணாடிப் பெட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டுக்குள் நுழைவார். தூணின் தெருப்பக்கத்தில், நெஞ்சு உயரத்தில் இருக்கும் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மெதுவாக ஓட்டுவார். கொஞ்ச நேரம் நிற்பார். போய்விடுவார். உள்ளே சாமி கும்பிடப் போக மாட்டார்.

பளிச்சக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா. ஒரு சனிக்கிழமை துடைப்பத்தோடு போய் நின்றாள்.

"யாருங்கய்யா அது?"

"எங்கண்ணன்மா."

"பேரு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?"

அவர் விரலால் காட்டினார். "இங்கேருந்து இது வரைக்கும்."

"நீளமான பேருதான்."

"ஆளும் நீளந்தான். நெலையில இடிச்சுக்காம அவன் வீட்டுக்குள்ள வந்த நாளே இல்ல." கிழவர் சிரித்தார். பிறகு, "உடம்பு வரலம்மா" என்றார். "அவனோட துணிமணிகூட வரல. நான் அப்போ சின்னப் பையன். எங்கம்மா என்னைத் தூக்கிப் பிடிச்சு, தொடுடா தொடுடான்னு தொட வைப்பாங்க. போகும்போதும் அதையேதான் சொல்லிட்டுப் போனாங்க. நான் போனப்புறம் நீ விட்டுறாதடான்னு. தொடுறதுக்கு எங்களுக்கு இருக்கிறது இவ்வளவுதான்."

அன்றைக்குப் பளிச்சக்கா ஒரு முடிவு செய்தாள். தூணில் இருக்கிற மற்ற யாரையும் தேடி யாரும் வருவதில்லை. இந்த ஒருத்தனைத் தேடித்தான் ஒருத்தர் வருகிறார். வருகிறவர் விரலில் கரி ஒட்டலாமா. அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் தூணைக் கழுவி முடித்ததும், அந்த ஒரு வரிக்கு மட்டும் தனிக் கவனிப்பு. ஆசிட்டைக் கொஞ்சம் கெட்டியாகக் கலப்பாள். பழைய பல் பிரஷ்ஷால் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளத்துக்குள் விட்டு விட்டுத் தேய்ப்பாள். நுரை வரும். வரவில்லையென்றால் வருகிற வரைக்கும் தேய்ப்பாள். பெற்ற பிள்ளைக்குக் காதோரம் அழுக்கெடுக்கிற மாதிரி அவ்வளவு பொறுமையாகச் செய்வாள். இப்படியே வருஷங்கள் போயின. கிழவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. வேலை நேரத்தில் கண்ணில் பொருத்துகிற லென்ஸ் இல்லாமல் எதையும் பார்க்க முடியாமல் போயிற்று. விரல்தான் அவருக்குக் கண்.

ஒரு சனிக்கிழமை அந்த விரல் கல்லில் போய் நின்றுவிட்டது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி நடுவுக்கு வந்தது. பளிச்சக்கா எதிரே படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கிழவர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, மூக்கு கல்லில் உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இங்க வந்து பாரு. எங்கண்ணன காணோம்."

அவள் வந்து பார்த்தாள். மேலே ஒரு வரி இருந்தது, கீழே ஒரு வரி இருந்தது. நடுவில் மழமழவென்று வழித்துவிட்டது போல ஒரு வெறும் இடம். அருகில் பார்த்தால் அங்கங்கே ஒரு நிழல், அவ்வளவுதான். வாரா வாரம் தேய்த்தவள் எப்படிப் பார்க்காமல் போனாள் என்று கேட்டால், அவளுக்கு எழுத்து என்பது கறை இருக்கிற பள்ளம், கறை இல்லாத பள்ளம் என்ற இரண்டு சாதிதான். பள்ளம் குறையக் குறைய, சுத்தமாகிறது என்றே நினைத்துவிட்டாள்.

கிழவர் லென்ஸைக் கழற்றி, தன் ஆள்காட்டி விரலின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தாம்மா தேய்ச்சுட்டேன்."

"விரல் பட்டுக் கல்லு தேயுமாங்கய்யா?"

"படிக்கட்டு தேயுதுல்ல. கால் பட்டா தேயுது, கை பட்டா தேயாதா. எங்கம்மா விரலு, என் விரலு. கொஞ்ச நாளாவே பள்ளம் லேசாத்தான் தட்டுச்சு, விரல்தான் மரத்துப்போச்சுன்னு நெனச்சுட்டேன்." அவர் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார், ஏதோ தப்புச் செய்த பிள்ளையின் கையைப் பிடிப்பது போல. "விட்டுறாதடான்னு சொன்னாங்க. நானே அழிச்சுட்டேன்."

பளிச்சக்காவும் அதை நம்பினாள். ஐயோ பாவம் என்று அவருக்காகக் கண் கலங்கினாள். அப்போது கலங்கியது பொய் இல்லை.

போதகர் காதுக்கு விஷயம் போனது. நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல கதை கிடைத்தால் விடமாட்டார். அடுத்த ஞாயிறே, 'கல்லைத் தேய்த்த பாசம்' என்ற தலைப்பில், கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சுகிற மாதிரிப் பிரசங்கம் செய்துவிட்டார். சபைப் பத்திரிகையில் கிழவரின் விரலைப் படம் எடுத்துப் போட்டார்கள். யார் யாரோ வந்து அந்த வெறும் இடத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களும் தொட்டுப் பார்த்தார்கள். இப்படியே போனால் மற்றப் பெயர்களும் தேய்ந்துவிடும் என்று கமிட்டிக்குப் பயம் வந்தது. தூணைச் சுற்றி இரும்புக் கம்பம் நட்டு, சங்கிலி கட்டி, தொடாதீர்கள் என்று பலகையும் தொங்கவிட்டார்கள்.

கம்பம் நட வந்தவர்கள் கடப்பாரையைப் போட்டதில் தூணின் அடிக்கல்லில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. ஆட்கள் போன பிறகு பளிச்சக்கா அதை எடுத்துக் கழுவுதொட்டி மேல் வைத்தாள். உடைந்த பக்கம் சர்க்கரை போல வெள்ளையாக, அத்தனை அழகாக இருந்தது. தொட்டியைக் கழுவ ஆசிட்டைச் சாய்த்தபோது இரண்டு சொட்டு அந்தச் சில்லின் மேல் தெறித்தது.

நுரை பொங்கியது.

அவள் குனிந்து பார்த்தாள். அதில் தூசி இல்லை, பாசி இல்லை, புகை இல்லை. இன்றைக்குத்தான் முதல்முதலாக வெளிச்சத்தைப் பார்த்த கல். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். இன்னும் பொங்கியது. தண்ணீர் விட்டுக் கழுவி, விரலால் தடவினாள். கூராக இருந்த விளிம்பு மழுங்கிப் போயிருந்தது. அழுக்கே இல்லாத இடத்தில் எது செத்துக்கொண்டிருக்கிறது?

 அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக ஓடியது அழுக்கு இல்லை. கல்லுதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக, பல் பிரஷ்ஷை வைத்து, பாசத்தோடு ஒருத்தனைக் கரைத்துச் சாக்கடையில் விட்டிருக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது புருஷனிடம் சொன்னாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப யாருக்கும் தெரியாது. பிரசங்கம் பண்ணியாச்சு, பத்திரிகையில படம் வந்தாச்சு, சங்கிலியும் போட்டாச்சு. இனிமே போய் நீ என்னத்தச் சொல்லப்போற?"

"நான் சொன்னா இந்த ரூம் போயிரும்னு பயப்படுறீங்க."

"பயப்படாம? இந்த முதுகைத் தூக்கிக்கிட்டு எங்க போறது. முதுகை மட்டும் இங்க விட்டுட்டு நாம போயிறலாம்னா சொல்லு, இப்பவே கிளம்புறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டாள். அறையும் போய், முதுகு ஒடிந்த மனுஷனையும் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆசிட் பாட்டிலைக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தள்ளி, அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டாள். சாக்கைப் போட்டால் போதுமா.  கை வேலையில் இருக்கும், மனசு தூணைச் சுற்றிக்கொண்டு இருக்கும். சனிக்கிழமை மதியமானால் ஹாலுக்குள் போய் நாற்காலிகளை அடுக்குவாள்; அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்குவாள். ஜன்னல் வழியாக ஒரு கண் மட்டும் வெளியே போகும்.

கிழவர் வருவார். முன்பு விடுவிடுவென்று வந்தவர், இப்போது சங்கிலிக்கு வெளியே, கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். போகிறவர்கள் சிலர், விரலால் கல்லைத் தேய்த்தவர் என்று அடையாளம் கண்டு வணக்கம் சொல்வார்கள். அவர் தலை இன்னும் குனியும். அதைப் பார்க்கப் பார்க்கப் பளிச்சக்காவுக்கு, அடுத்தவர் தலையில் தன் மூட்டையை ஏற்றிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் சோப்பு வாங்கப் பின்தெருவுக்குப் போனவள், கடிகாரக் கடை வாசலில் நின்றுவிட்டாள். வேலை நாள், காலை நேரம், ஷட்டர் பாதிக்கு இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். கிழவர் மேஜை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கடிகாரம் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது.

"என்னங்கய்யா, கடைக்கு லீவா?"

"நீயா, வாம்மா. கை நடுங்குதும்மா. இடுக்கியால ஒரு திருகாணியப் பிடிக்க முடியல. இந்த விரலப் பார்த்தா வேலை செய்யத் தோணல. அண்ணன அழிச்ச விரலாச்சே, இது எதைத் தொட்டு என்ன உருப்படப் போகுதுன்னு வருது."

இதைக் கேட்ட பிறகு எந்த அறை, எந்த முதுகு. பளிச்சக்கா ஷட்டருக்குக் கீழே நுழைந்து போய் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"உங்க விரல் இல்லைங்கய்யா. நான்தான்."

"என்ன நீதான்?"

சொன்னாள். ஆஸ்பத்திரியில் தொடங்கி, ஆசிட், நுரை, பல் பிரஷ், வெள்ளிக்கிழமை, கல் சில்லு என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். அழுதால் அவர் தேற்ற வந்துவிடுவார், தேற்றிக்கொள்ள வந்ததாகிவிடும்.

கிழவர் திறந்து கிடந்த கடிகாரத்தை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"மத்தப் பேரெல்லாம் இருக்கே" என்றார் கடைசியில்.

"மத்ததுக்கு லேசாத்தான் ஊத்துவேன். உங்கண்ணனுக்குத்தான் கெட்டியா. நீங்க தொடுறீங்களேன்னு."

"அப்போ என் விரல் இல்லியா?"

"இல்லைங்க."

"கொஞ்சங்கூட இல்லியா?"

அவர் கேட்ட தோரணை அவளுக்கு விளங்கவில்லை. பாரத்தை இறக்கி வைத்தவர் முகம் மாதிரி இல்லை அது. இருந்ததும் போனவர் முகம் மாதிரி இருந்தது.

"பாவம் பண்ணிட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார் அவர். "தூக்கமே இல்ல. ஆனா உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல, கல்லே தேயுற அளவுக்கு நாம தொட்டிருக்கோம், எங்கம்மாவுக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகலன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். இப்ப அதையும் எடுத்துக்கிட்டீங்க."

அதுவரைக்கும் வா, போ என்று மகளிடம் பேசுகிற மாதிரிப் பேசியவர்.

"ஐயா..."

"போங்க. எனக்கு வேலை இருக்கு."

ஒரு வேலையும் இல்லாத மேஜையைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார். அவள் சோப்பு வாங்காமலே திரும்பி வந்தாள். சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்த பாரம் இரட்டிப்பாக ஏறி உட்கார்ந்துகொண்டது. முதலில் பெயரை எடுத்தாள். இப்போது, பெயர் போன இடத்தில் அவர் வைத்திருந்ததையும் எடுத்துவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று நடந்து வந்த வழியெல்லாம் தோன்றியது. ஆனால் சொல்லாமல் இருந்தால் அந்தக் கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்குமே. இரண்டு பக்கமும் இடிக்கிற சந்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

மாட்டிக்கொண்டாலும் அவள் பாதியில் நிற்கிறவள் இல்லை. நேரே போதகர் அறைக்குப் போனாள். அவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேணும்னு பண்ணலையே நீங்க."

"வேணும்னு பண்ணல பாஸ்டர். ஆனா பண்ணேன்."

"சரி, அவர்கிட்டச் சொல்லிட்டீங்கல்ல. அதோட விட்டுருங்க. ஜனங்க மனசுல அது ஒரு நல்ல விஷயமா இருக்கு. இப்போ போய்க் கலைச்சா யாருக்கு என்ன லாபம்?"

"சங்கிலி எடுக்கணும் பாஸ்டர். அவர் தொட்டதால ஒண்ணும் தேயலையே. அப்புறம் எதுக்கு அவரைத் தள்ளி நிக்க வெக்கிறது?"

"சங்கிலிய எடுத்தா ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"உங்களுக்குத்தாங்க சிரமம். கமிட்டியில வேலையப் பத்திப் பேசுவாங்க. நான் தடுத்து நிறுத்த முடியும்னு சொல்ல முடியாது."

"பேசட்டும் பாஸ்டர்."

போதகர் அவளையே பார்த்தார். பிறகு, தன் பிரசங்கத்தையும் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, முகம் கொஞ்சம் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிவிடுகிறேன் என்றார்.

சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார் என்றால், கல்லில் ஏதோ ரசாயனக் கோளாறு ஏற்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது என்று, யாருக்கும் வலிக்காமல், நோயாளிக்கு ஊசி போடுகிற மாதிரிச் சொன்னார். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருந்த பளிச்சக்கா எழுந்து நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்துப் போதகர் நிறுத்தினார். எல்லாத் தலையும் திரும்பியது.

"கோளாறு எல்லாம் இல்லைங்க. நான்தான் ஆசிட் ஊத்துனேன். தெரியாம ஊத்துனேன், பல வருஷமா ஊத்துனேன். அந்தக் கடிகாரக்கார ஐயா விரலால ஒண்ணுமே ஆகல. அவரைப் பார்த்தா யாரும் அப்படிச் சொல்லாதீங்க."

உட்கார்ந்துவிட்டாள். 

கமிட்டி கூடியது. ஒருவர் அவளை அனுப்பிவிடலாம் என்றாராம். இன்னொருவர், ஆசிட் வாங்கிக் கொடுத்ததே நாம்தானே என்றாராம். இழுத்துப் பறித்து, வேலையும் அறையும் இருக்கட்டும், தூணில் மட்டும் அவள் கை வைக்கக் கூடாது என்று முடிந்தது. சங்கிலியைக் கழற்றினார்கள். புருஷன் கட்டிலில் இருந்தபடியே, "முதுகுக்கு இன்னும் இங்க அட்ரஸ் இருக்கு" என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. பிழைத்துக்கொண்டோமே என்பதே ஒரு குற்றமாக உறுத்தியது.

கல் கொத்துகிறவர் ஒருவரை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் நகத்தால் சுரண்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது.

"இது ஒரு வகைச் சுண்ணாம்புக் கல்லுக்கா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சாலே அரிக்கும். இதுக்கு மேலயே எழுத்து வெட்டுனா நிக்காது. இந்தப் பக்கம் முழுசையும் ஒரு விரக்கடை கொத்தி எடுத்துட்டு, எல்லாப் பேரையும் புதுசா வெட்டலாம். இல்லன்னா அடியில காலி இடம் இருக்கு, அங்க இவர் பேரை மட்டும் போட்டுறலாம்."

எது வேண்டும் என்று கடிகாரக்காரரிடம் போதகரே போய்க் கேட்டார். ரெண்டும் வேண்டாம் என்று பதில் வந்தது. அவனுக்காக மற்றவர்களைக் கொத்த வேண்டாம், எல்லோருக்கும் அடியில் கொண்டுபோய் அவனை உட்கார வைக்கவும் வேண்டாம், அவன் இடம் அதுதான், இருக்கட்டும் என்றாராம்.  பளிச்சக்காவைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார் போதகர்.

சனிக்கிழமைகள் வந்தன. கிழவர் வரவில்லை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபோது அதைப் பார்க்க முடியாமல் ஒளிந்தவள், இப்போது அவர் வராத கேட்டைப் பார்த்துக்கொண்டே வாசலைக் கூட்டினாள். கூட்டின இடத்தையே கூட்டினாள். தூணுக்கு இருந்த ஒரே ஆளும் தன்னால்தான் இல்லாமல் போயிற்று என்று நினைத்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். அவள் துடைப்பத்தோடு சுவர்ப்பக்கமாக ஒதுங்கப் போனாள்.

"எங்க ஓடுற? இங்க வா."

வந்தாள். அவர் கை முதுகுக்குப் பின்னால் இல்லை.

"கையக் குடு. துடைப்பத்தக் கீழ போட்டுட்டுக் குடு."

அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த வெறும் இடத்தில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஓட்டினார். பிரஷ் இல்லாமல் அவள் அந்தக் கல்லைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வெயிலில் சூடாக இருந்தது.

"ஏதாவது தட்டுப்படுதா?"

"இல்லைங்கய்யா."

"எனக்கும் படல. வீட்டுல உக்காந்து யோசிச்சேன். எனக்கும் வயசாச்சு. எனக்கப்புறம் இங்க ஒருத்தன் இருந்தான்னு சொல்றதுக்கு எனக்குப் பிள்ளை இல்ல, கல்லுலயும் இல்ல. அழிச்சவ நீதான, நீதான் வெச்சுக்கணும். நான் வராத வாரம் நீ இந்த இடத்துல விரல வெச்சு அவன் பேரைச் சொல்லணும். அதுக்காக நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனக்கலைங்கய்யா."

அவர் அண்ணன் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அத்தனை காலம் தேய்த்தவள், அந்தப் பெயரைக் காதால் கேட்டது அப்போதுதான்.  மெல்லமாகச் சொன்னாள்.

"கேக்கல."

மறுபடி சொன்னாள்.

"இன்னும் சத்தமா. அவனுக்கு ஒரு காது கேக்காது. அதை மறைச்சுத்தான் பட்டாளத்துல சேந்தான்."

பளிச்சக்கா கல்லில் விரலை அழுத்திக்கொண்டு, தெருவில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அந்தப் பெயரைச் சொன்னாள்.